பெரிய தட்டு, தப்பான வேகம்

செவ்வாய்க்கிழமை உன் மகள் கலாவுக்குக் கடை லீவு. நீ விட்டுப்போன இசைத்தட்டுப் பெட்டியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்ததும் பூசண வாடை முகத்தில் அடித்தது. மேலாக இருந்த தட்டின் உறை அட்டையில், நீ வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு வைத்த குங்குமம் கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாய் மாமா, தூக்கிப் போடவும் மனசு வரல. வீட்ல வெச்சிருக்கவும் புடிக்கல. நீங்களே பாத்து சொல்லுங்க" என்றாள்.

அந்த அட்டை உனக்கு மறந்திருக்காது. பல்லைக் காட்டிச் சிரிக்கும் வெள்ளைக்காரப் பையன் ஒருவன், அவன் சட்டைக் கையில் ஸ்வஸ்திக். முதல் வருஷம் அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "பாருங்களேன், வெளிநாட்டுப் புள்ளைக்கு எவ்ளோ பக்தி" என்று உன் மைக்செட் கடையின் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் சாய்த்து நிறுத்திப் பொட்டு வைத்தார். அது நம்முடையது இல்லை, எத்தனையோ லட்சம் பேரைக் கொன்றவர்களின் சின்னம், ஊரை அதிரவைக்கலாம் என்று இந்தப் பையன்கள் விளையாட்டுக்கு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். நீ ஒரு கை பொரியை என் கையில் திணித்து, "வுடு பாய் வாத்யாரே, பொட்டு வெச்சாச்சு. இனிமே திருந்திடுவான்" என்றாய். சிரித்தோம். இன்றைக்கு அந்தச் சிரிக்கிற முகத்தைப் பார்த்தால் எனக்கு ஓங்கி அறையத்தான் தோன்றுகிறது.

அந்தப் பெட்டியை உன்னிடம் கொடுத்தவன் ஆசிரமத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரன். டேப் ரெக்கார்டரைப் பழுது பார்க்க வந்தவன், ஊரிலிருந்து சுமந்து வந்த தட்டுகளை இனி தனக்கு வேண்டாம் என்று உன் கடையிலேயே விட்டுவிட்டான். மவுனத்தைத் தேடி வந்தவன் சத்தத்தையெல்லாம் உன் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போனான் என்று நான் கேலி செய்தேன். சிலது பங்க் என்கிற கோபப் பாட்டு, சிலது கராஜ் ராக் என்று அவன் சொல்லியிருந்தான். கராஜ் என்றால் கார் நிறுத்துகிற கொட்டகை, அங்கே பாடிப் பழகிய பையன்களின் பாட்டு என்று நான் விளக்கியதற்கு, "நம்மகிட்ட கொட்டாய் கீது பாய். காருதான் இல்ல" என்றாய்.

கலாவும் நானும் அன்று மத்தியானம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். கத்திரி வெயிலில் பாதித் தட்டுகள் அப்பளமாக வளைந்திருந்தன. மீதியை நீ வைத்திருந்த அதே பிளேயரில் போட்டோம். வகுப்பில் நான் ஒரு உதாரணம் சொல்வது வழக்கம். புளிசாதம் மறுநாள்தான் ருசிக்கும், தேங்காய் சாதம் சாயங்காலமே ஊசிப்போகும்; எழுத்திலும் இந்த இரண்டு வகை உண்டு என்பேன். கோபத்திலும் உண்டு போலிருக்கிறது. இந்தப் பெட்டியில் இருந்ததெல்லாம் தேங்காய் சாதம். வயிறு நிறைந்த பையன்கள் அம்மாவைத் திட்டுகிறார்கள், போலீஸைத் திட்டுகிறார்கள், வராத பெண்ணைத் திட்டுகிறார்கள். இதையா நாம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மூக்குச் செம்பில் காபி வாங்கிவைத்துக் கேட்டோம்?

உனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். பெரிய தட்டு, பக்கத்துக்கு ஒரே பாட்டு. உறையில் படம் இல்லை, லேபிளில் பேனாக் கிறுக்கல் தவிர எதுவும் இல்லை. மற்றதெல்லாம் தடதடவென்று ஓட, அது மட்டும் தேர் நகர்வதுபோல நகரும். அடித்தொண்டையிலிருந்து ஒருவன் இழுத்து இழுத்துப் பாடுவான். கிடார் ஒவ்வொரு அடியாக எடுத்துவைக்கும். "என்னா சொல்றான் வாத்யாரே?" என்று நீ கேட்பாய். இங்கிலீஷ் வாத்தியார் என்ற பெயர், ஆனால் எனக்கு 'நெவர்' என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் பிடிபடவில்லை. ஒருபோதும் மாட்டேன் என்கிறான், என்ன மாட்டான் என்று தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். மிச்சத்தை நீ பூர்த்தி செய்துகொண்டாய். "குனிய மாட்டேன்றான் பாய். எவன் முன்னாலயும் குனிய மாட்டேன்றான்."

அப்புறம் நீயும் குனியவில்லை. தீபத்துக்கு ஊரே மைக்செட் தேடி அலையும்போது, வந்தவன் மரியாதையாகக் கூப்பிடவில்லை என்று திருப்பி அனுப்பினாய். கல்யாண வீட்டில் சத்தத்தைக் கம்மி பண்ணச் சொன்ன பெரியவரிடம் சண்டைபோட்டு ஒயரைப் பிடுங்கிக்கொண்டு வந்தாய். அதெல்லாம் போகட்டும். உன் தொழில், உன் திமிர்.

ஆனால் கலாவுக்கு நர்சிங் இடம் கிடைத்த வருஷம்? சான்றிதழில் அவள் பெயரில் ஒரு எழுத்துத் தப்பு. தகப்பன் நேரில் வந்து சொன்னால் திருத்திக் கொடுத்துவிடுவார்கள். வேங்கிக்கால் ஆபீசுக்கு உன்னை நான்தான் என் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். எல்லாரும் வரிசையில் நின்றார்கள், உன்னையும் நிற்கச் சொன்னார்கள். அரை நாள் ஆகும் என்றதும் நீ திரும்பி நடந்தாய்.

"கை கட்டி நிக்கற ஆளு நான் இல்ல பாய்."

"உனக்காக இல்லய்யா. பொண்ணுக்காக நில்லு."

"அவளும் கத்துக்கட்டும்."

கடைக்கு வந்து அந்தத் தட்டைப் போட்டாய். நான் மறுநாள் தனியாகப் போய்க் கேட்டுப் பார்த்தேன். தகப்பன்தான் வரவேண்டும் என்றார்கள். நீ வரவில்லை. கடைசித் தேதி போனது, இடமும் போனது. கலா துணிக்கடையில் சேர்ந்தாள். நீ நிற்க மறுத்த அந்த அரை நாளை அவள் இன்றுவரை நின்றுகொண்டிருக்கிறாள்.

அன்று மேசைமேல் அந்தப் பெரிய தட்டு சுற்ற ஆரம்பித்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இதேதான் மாமா. ஸ்கூல் வுட்டு வரும்போது தெருமுனையிலயே கேக்கும். அப்பா இன்னிக்கு யார்கிட்டயோ சண்ட போட்டுட்டாருன்னு தெரிஞ்சிடும்." பாட்டு முடிந்ததும் கேட்டாள்: "இதுல அப்படி என்னதான் கீது? எதுக்காக எனக்கு இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா, போனா போவுதுன்னு வுட்ருவேன்."

எனக்குத் தெரியாது என்றேன். அவள் லேபிளின் கிறுக்கலைப் போனில் படம் பிடித்துத் தேடினாள். கிடைத்துவிட்டது. போனிலேயே போட்டாள். குருவி கத்துவதுபோல ஒரு பையன் படபடவென்று பொரிந்து தள்ளினான். பால் பொங்குகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

"வேற பாட்டு போல கீது மாமா."

எனக்குச் சட்டென்று உறைத்தது. பெரிய தட்டென்றால் நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்று, சின்னத் தட்டென்றால் நாற்பத்தைந்து. ஊரில் மைக்செட் வைத்திருந்த எல்லாருக்கும் அதுதான் கணக்கு, உனக்கும் அதுதான். நாற்பத்தைந்தில் ஓடவேண்டிய பெரிய தட்டும் உண்டு என்று நமக்கு யார் சொன்னார்கள்? பிளேயரின் விசையைத் தள்ளிவைத்தேன். தேர் நகரவில்லை. அதே குருவிதான் கத்தியது.

இப்போது சொற்கள் தெளிவாக விழுந்தன. கலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க மாமா. நான் ஒண்ணும் உடைஞ்சு போய்ட மாட்டேன்."

வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு அர்த்தம் சொன்னதுபோல அவளுக்கும் வரி வரியாகச் சொன்னேன். ஒரு கடையில் நின்று வேலை செய்கிற பெண்ணைப் பற்றிய பாட்டு அது. காலையிலிருந்து நிற்கிறாயே, கால் வீங்கிப்போன மாடே, சிரிக்கச் சொன்னால் சிரிக்கிறாயே என்று கேலி. அந்த 'நெவர்' வருகிற வரி இதுதான்: ஒருபோதும் உன்னைப் போல ஆகமாட்டேன்.

கலா எழுந்துபோய் விசையைப் பழையபடி முப்பத்துமூன்றுக்குத் தள்ளி முள்ளை வைத்தாள். நின்றபடியே கடைசிவரை கேட்டாள்.

"இப்படிக் கேட்டா அந்தப் பொண்ணு இதுல இல்லவே இல்ல மாமா. ஒரு வார்த்தையும் இல்ல. யாரோ அழுவற மாதிரி மட்டுந்தான் கீது."

"ஆமாம்மா."

"இவ்ளோ வருசமா இந்தத் தட்டுதான் எங்கப்பாவக் கெடுத்துச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன். இது பாவம், ஒண்ணுமே சொல்லல. எல்லாம் அவரா சொல்லிக்கினது."

அவள் அழுத நாட்களிலெல்லாம் நான் சொன்ன ஆறுதல் என்ன தெரியுமா? "மனசு நல்ல மனசும்மா, அந்தப் பாட்டக் கேட்டுக் கேட்டு அப்படி ஆயிட்டான்." உன் வீட்டில், உன் சாவு நடந்த அன்றுகூட, அதையேதான் சொன்னேன். உனக்காகப் பேச என்னிடம் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஆசிரமத்துப் பக்கம் காபிக்கடை நடத்துகிற ஒருவர் சுவரில் மாட்டத் தட்டுகள் கேட்கிறாராம். பெட்டியை அவரிடம் கொடுத்துவிடச் சொன்னாள். பெரிய தட்டை மட்டும் உறையில் போட்டு என் பக்கம் நகர்த்தினாள். "இது உங்க ரெண்டு பேரோடது. எனக்கு வேணாம்." மறுநாள் பவுர்ணமி. கிரிவலக் கூட்டம் சேர்ந்தால் அடி அண்ணாமலைக்குத் திரும்ப வண்டி கிடைக்காது என்று கிளம்பிவிட்டாள். வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்புக்குள் காலை நுழைத்தாள். ஒரு தடவையில் நுழையவில்லை.

அவள் போனபின் அந்தத் தட்டைப் போட்டேன், மெதுவாகத்தான். உலகத்தில் யாரும் பாடாத பாட்டு அது. நீயும் நானும் அந்தப் பழைய பிளேயரும் சேர்ந்து தெரியாமல் உண்டாக்கியது. சோகம் அவ்வளவும் நம்முடையது. நீ அதைக் கேட்டுவிட்டு யாருக்காவது இரங்கியிருக்கலாம். எத்தனையோ அர்த்தம் இருக்க, நீ தேடி எடுத்துக்கொண்டது குனிய மாட்டேன் என்பதை. அதையும் உன் பெண்ணிடம் காட்டினாய்.

இன்னும் அந்தப் பாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. உன்னைத்தான் பிடிக்கவில்லை. இரண்டையும் இனி நான்தான் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.