ஒரு தையல்தான் பாக்கி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நலமாகத்தான் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏறுவதை விட்டுவிட்டாள்.

என் அக்கா, உன் அத்தை, தவறிப்போனதைப் போனில் இரண்டே வார்த்தையில் சொல்லி வைத்துவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம். கடைசி நாலு நாள் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். புதன்கிழமை மத்தியானம், வீட்டுக்கு எப்படா போகலாம் என்று அக்கா கேட்டாள். நம் வீட்டு வழக்கப்படி, ஒரு தையல்தான் பாக்கி என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அது தமாஷ் இல்லடா, அப்பா குட்டிகிட்ட சொன்னது. எல்லாரும் சிரிச்சீங்க, நான் என்னத்தைச் சொல்ல” என்றாள்.

குட்டி எனக்கு மூத்தவள், அக்காவுக்கு இளையவள், ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். நான் அப்போது கைக்குழந்தை. அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உன் தாத்தா மெஷினைப் போட்டு அவளுக்கு மஞ்சள் கவுன் தைத்தாராம். முடிஞ்சுதா, முடிஞ்சுதா என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்க, ஒரு தையல்தான் பாக்கி கண்ணு என்று இவரும் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கவுனுக்கு இடது கையை வைத்துத் தைப்பதற்குள் அவள் கேட்பது நின்றுவிட்டது. அதற்கப்புறம் கடையில் யார் வந்து துணி ரெடியா என்று கேட்டாலும் அவர் வாயில் அதுதான் வந்ததாம். தையல்காரர் தமாஷ் பண்ணுகிறார் என்று வந்தவர்கள் சிரித்தார்கள், நானும் அதைக் கேட்டே வளர்ந்து உனக்கும் பழக்கிவிட்டேன். இத்தனை வருஷமும் அக்கா ஒருத்தி மட்டும் சிரிக்காமல் இருந்திருக்கிறாள், நான் கவனிக்கவே இல்லை பார்.

அக்காவின் பீரோவில் அந்தக் கவுன் இருந்தது, ஒரு கையோடு. நான் தைத்து முடிக்கட்டுமா என்று உன் அம்மா கேட்டாள். வேண்டாம் என்று சொல்லி, அக்கா நெஞ்சின் மேல் அப்படியே வைத்து அனுப்பினேன்.

மூன்று வருஷமாக எப்போது வருகிறாய் என்று கேட்டால் நீயும் அதையேதான் சொல்கிறாய். உன் மேல் தப்பில்லை, நான் கற்றுக்கொடுத்தது. இனி என்னிடம் அதைச் சொல்லாதே அம்மா. வர முடிந்தால் தேதியைச் சொல், முடியாவிட்டால் முடியாது என்று சொல். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன்.

தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடாதே. என் ஆயுசில் மிச்சமிருப்பதும் உனக்கே சேரட்டும்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அப்பா