கொடியும் காப்பும்

18.2.86, செவ்வாய்

கடும் பனி. வெங்காயம் எல்லாம் ஈரம். வெயில் ஏறும்வரை பிடி கட்ட முடியவில்லை.

கொழும்பிலிருந்து அண்ணையின் கடிதம். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம், சம்பளம் இன்னும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கடதாசிகள் சரிவரும்வரை இப்படித்தானாம். அறை வாடகை கைமாற்றில். "அம்மாவுக்கு மெல்லச் சொல்லு" என்று எனக்குத் தனியாக ஒரு வரி. மெல்லச் சொல்லத் தெரியவில்லை. அப்படியே வாசித்துவிட்டேன்.

அம்மா கழுத்து மஞ்சள் கயிற்றைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார்.

அண்ணை எஞ்சினியருக்குப் படிக்கக் கம்பசுக்குப் போன வருடமே அம்மாவின் தாலிக்கொடி அடைவு கடைக்குப் போய்விட்டது. கடைசி வருடம் என் காப்பு இரண்டும். நான் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு மாமா போட்டவை. இரண்டுக்கும் தவணை 28ஆம் திகதியோடு சரி, பிறகு ஏலம். பல தரம் நீட்டியாயிற்று. கொடியை இனி நீட்ட மாட்டாராம் கடை முதலாளி.

வேலிக்கு அங்காலிருந்து ராசாத்தி மாமி: "எஞ்சினியர் வீட்டிலை இன்னும் வெங்காயம் கட்டுறியளோ?"

சிரித்தேன். வேறென்ன செய்வது.

20.2, வியாழன்

கத்தரிக்காயும் சொதியும். சீனி முடிந்தது.

ஞாயிறு சீட்டு. அண்ணையின் சம்பளத்தை நம்பிச் சேர்ந்தது. இருபது பேர், ஆளுக்கு மாதம் முந்நூறு. இந்த மாதம் எடுத்தால்தான் கொடி வீட்டுக்கு வரும். அம்மா போக மாட்டார். நாலு பெண்கள் கூடுகிற இடத்துக்கு வெறுங்கழுத்தோடு போவதில்லை என்று கலியாண வீடுகளையே விட்டவர்.

"நீ போ."

"எனக்குக் கதைக்க வராது அம்மா."

"பாட்டே பாடப் போறாய்? கழிவைச் சொல்லிப்போட்டு இரு. ஆர் கூட விட்டுக் குடுக்கினமோ அவைக்குத்தான் சீட்டு. ஐம்பது ஐம்பதாய் ஏறு. ஆயிரத்து இருநூறுக்கு மேலை வாய் திறவாதை."

பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது பதில் சொல்லாமல் கையைத்தான் தூக்குவேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றபோது அந்த ஒன்றில் மட்டும் நிம்மதி.

பின்னேரம் கிணற்றடியில் சொல்லிப் பார்த்தேன். முந்நூறு. முந்நூற்றைம்பது. ஆடு திரும்பிப் பார்த்தது.

23.2, ஞாயிறு

சீட்டுப் பிடிக்கிற தங்கமக்கா வீடு. பாய், தேத்தண்ணி, வடை. ராசாத்தி மாமிக்கும் இந்த மாதமே வேண்டும். மகனை ஜெர்மனிக்கு அனுப்பக் காசு தேடுகிறார்.

"சரி, கழிவைக் கூறுங்கோவன்" என்றார் தங்கமக்கா.

மாமி இருநூறு. மூலையில் ஒருவர் முந்நூறு. மாமி முந்நூற்றைம்பது. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கொம்மா உன்னை வடை தின்னவே அனுப்பினவ?" என்றார் மாமி.

சிரிப்பு. ஐம்பது ஐம்பதாக ஏறினால் எத்தனை தரம் வாய் திறக்க வேண்டும். ஒரு தரத்தோடு முடித்துவிட்டால் போதும் என்று பட்டது.

"ஆயிரத்து இருநூறு."

தங்கமக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன பிள்ளை சொன்னனீ?"

திரும்பவும் சொல்ல வேண்டி வந்தது.

சீட்டு எனக்கு. படலையடியில் மாமி என் கையைப் பிடித்தார். "விசரி. நான் அறுநூறுக்குக் கிட்ட நிப்பாட்டியிருப்பன். அதுக்கு மேலை விட்டால் ஏஜென்சிக்குக் காணாது."

வழியெல்லாம் கணக்கு. ஆறாயிரத்தில் கழிவு போக நாலாயிரத்து எண்ணூறு. கொடிக்கு வட்டியோடு நாலாயிரத்து எழுநூறு. காப்புக்கு அறுநூறு. நான் வீணாக விட்டதும் அறுநூறு.

வாசலிலேயே அம்மாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் வெங்காயத் தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "சீட்டை எடுத்திட்டாய்தானே. கை கழுவிப்போட்டு வா, சாப்பிடுவம்."



24.2, திங்கள்

காலையில் சீட்டுக் காசு. மத்தியானம் அடைவு கடை. அம்மா முன்னால், நான் அவர் முதுகுக்குப் பின்னால். முதலாளி கொடியை நிறுத்துக் காட்டினார்.

"காப்பு?"

"வெள்ளிக்கிடையிலை வாறம்" என்றார் அம்மா. எதைக் கொண்டு என்று எனக்குத் தெரியவில்லை. மிச்சக் காசு பசளைக் கடைக்காரனின் கடனுக்கு.

கொடி அரிசிப் பானைக்குள். புதன் காலைதான் நல்ல நேரமாம். அதுவரை கயிறு.

26.2, புதன்

ஐயா கொடியை அம்மாவின் கழுத்தில் போட்டுவிட்டார். கொழுக்கி கொழுவ மாட்டேன் என்றது. "கண்ணாடியைப் போடுங்கோவன்" என்று அம்மாவின் ஏச்சு. பிறகு நேரே கோயிலுக்கு.

அண்ணையின் மணியோடர். நூற்றைம்பது. சம்பளம் வந்துவிட்டதாம். படிப்புக்கு எடுத்த வங்கிக் கடனைச் சம்பளத்திலேயே வெட்டுகிறார்களாம், இனி மாதாமாதம். அறை, சாப்பாடு, கைமாற்று போக இவ்வளவுதான். "எல்லாரும் சேர் எண்டு கூப்பிடுறாங்கள், நான் பஸ்சுக்குச் சில்லறை எண்ணுறன். காப்புக்கு வட்டியெண்டாலும் கட்டு தங்கச்சி. மீட்டுத் தருவன்."

நாளை தபால் கந்தோருக்குப் போய் மாற்ற வேண்டும்.

27.2, வியாழன்

கடையடைப்பு. தபால் கந்தோரும் பூட்டு. ஆமி ஹெலி மேலே இரண்டு தரம் சுற்றியது.

"நாளைக்குத் திறப்பினம்" என்கிறார் ஐயா. காலையிலிருந்து இதையே சொல்கிறார். அவருக்கும் தெரியாது. நாளையும் பூட்டினால்?

28.2, வெள்ளி

திறந்திருக்கிறது. வெங்காயத்துக்கு லொறி வருகிற நாள். அம்மாவும் ஐயாவும் தோட்டத்தைவிட்டு அசைய முடியாது. "நான் போறன்" என்று நானே சொன்னேன். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு பஸ் காசு தந்தார்.

தபால் கந்தோரில் வரிசை. அடைவு கடையில் அதைவிட நீளம். நின்ற நேரமெல்லாம் ஒரே வசனத்தைப் பாடமாக்கினேன்: வட்டி கட்டித் தவணை நீட்ட வந்தனான். என் முறை வந்ததும் அடைவுத் துண்டை நீட்டினேன். முதலாளி முந்திக்கொண்டார்.

"இது ஏலத்துக்குக் கட்டி வைச்சாச்சு பிள்ளை. ஆற்றை காப்பு? கொம்மான்ரையோ?"

பாடமாக்கினதில் அது இல்லை.

"என்ரை. இண்டைக்குத்தானே இருபத்தெட்டு. அவிழுங்கோ."

முதலாளி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து பொட்டலத்தை எடுத்து முடிச்சைத் தேடினார்.

வட்டி நூறு. தவணை ஓகஸ்ட் வரை. பஸ்சில் இருக்க இடம் கிடைத்தது.