பேட்டரி காக்கும் ஆப்பும் கிணற்று முறையும்

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையிலேயே அனல். பூசைக்குக் குடையோடு போனேன். திரும்புவதற்குள் போன் சாகக் கிடந்தது. விடியற்காலைதான் முழு சார்ஜ்.

மாதா கோயில் வாசலில் ஓரகத்தி செலினா பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, சார்ஜ் நிக்கலயா? குடு, ஒரு ஆப் போட்டுத் தரேன். ஜாஸ்தி நேரம் வரும்."

கேட்காமலே வாங்கிப் போட்டாள். பச்சை இலைப் படம். போட்ட நிமிடமே 'பேட்டரி ஆயுள் கூடியது' என்கிறது. நாடி பிடிக்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியன் மாதிரி. எப்படிக் கூடியது, யார் அளந்தது?

அதுவும் செ.வுக்கு என்ன திடீர்க் கரிசனம்? வரப்புத் தகராறுக்கு அப்புறம் எங்களுக்குள் சிரிப்பதோடு சரி.

மதியம் கருவாட்டுக் குழம்பு. உப்பு ஜாஸ்தி.

ஏப். 13, திங்கள்

தண்ணீர் இன்று என் முறை. கிணறு பொது. ஒரு நாள் எனக்கு, மறுநாள் செ.வுக்கு. த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் கிணற்றடியில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டி எங்கள் இரண்டு போனிலும் உள்ள மோட்டார் ஆப்புக்குச் செய்தி அனுப்பும். போன் கூவும். முறைக்காரி வீட்டிலிருந்தே மோட்டாரைப் போட வேண்டியது.

இன்று கூவவே இல்லை. சாயங்காலம் கொல்லைக்குப் போனால் இளங்கரும்பு, தோகை சுருண்டு நிற்கிறது.

பக்கத்துக் கொல்லைக்காரர்: "மத்தியானம் பூரா கரண்ட் இருந்துதே. எங்க போயிருந்த?"

எங்கேயும் போகவில்லை. போன் மடியிலேயே இருந்தது.

ஏப். 15, புதன்

மறுபடி என் முறை. மறுபடி கூவவில்லை. நேற்று செ. முறை, அவளுக்கு மட்டும் கூவியிருக்கும்.

வீட்டுக்காரர் மலையிலிருந்து போனில் பேசினார். கல்வராயன் மலையில் விடுதிச் சமையல் வேலை. பாறை மேல் ஏறினால்தான் சிக்னல். செலினாதான் ஏதோ செய்கிறாள் என்றேன்.

"அவ எதுக்குச் செய்யப்போறா? ஒனக்கு எதப் பாத்தாலும் சந்தேகம். இங்க டவரத் தேடிக்கினே எம் போனு சார்ஜ் எறங்கிடுது. நெட்ட அமத்துவேன், வெளிச்சத்தக் கம்மி பண்ணுவேன். ஆப்பெல்லாம் எதுக்கு?"

தம்பி பெண்டாட்டி என்றால் இவருக்கு எப்போதும் ஓர் இரக்கம்.

ஆப் போடும் முன்: சாயங்காலம் போன் சாகும்.
ஆப் போட்ட பின்: சாயங்காலம் போன் சாகும்.
கூடிய ஆயுள் யாருக்குப் போனது?

ஏப். 16, வியாழன்

கள்ளக்குறிச்சி. பஸ்ஸில் நின்றுகொண்டே. வாங்க வேண்டியவை: சீயக்காய், டார்ச் செல், கொசுவத்தி.

போன் கடைக்காரர் எதையோ தட்டி, எந்த ஆப் எவ்வளவு பேட்டரி தின்றது என்று காட்டினார். முதல் இடத்தில் பச்சை இலை! காவல்காரனே திருடன்.

"ஓயாம மத்த ஆப்ப மூடிக்கினே இருக்குதுங்க. நடுவுல வெளம்பரம் வேற. மூடினத நீங்க திரும்பத் தொறந்தா அதுக்கும் சார்ஜ் போவும்."

"மோட்டார் ஆப்பையும் மூடுமா?"

"இதோ, தூங்க வெச்சிருக்குது பாருங்க. அதான் செய்தி வரல. இத அழிச்சிடுங்க. பேட்டரியும் பழசு, மாத்திக்கோங்க."

பேட்டரி விற்கப் பார்க்கிறார். அதை விடு. செ. கணக்கு இப்போது பளிச்சென்று தெரிந்துவிட்டது. என் போனைத் தூங்க வைத்துவிட்டு, என் முறைத் தண்ணீரையும் தன் கொல்லைக்குத் திருப்புகிறாள். கோயில் வாசலில் வைத்து!

ஆப்பை அழிக்கவில்லை. சாட்சிக்கு வேண்டும். சீயக்காய் மறந்துபோச்சு. நல்ல கனமான பூட்டு ஒன்று வாங்கினேன், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு. உள்ளே மோட்டார் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டால் போனிலிருந்து யாரும் போட முடியாது.

ஏப். 17, வெள்ளி

வெயில் ஏறுமுன் கிணற்றுக்குப் போனேன். பூட்டு கூடையில், துண்டுக்கு அடியில்.

பெட்டியில் ஏற்கெனவே ஒரு பூட்டு தொங்குகிறது. பக்கத்தில் செ. உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏண்டி, யாரக் கேட்டுப் பூட்டு போட்ட?"

எழுந்தவள் அழுதுவிட்டாள். "எம் முறையில ஒரு நாளு கூட போன் கூவலக்கா. கரண்ட் வந்துச்சின்னு ஊரே சொல்லுது. நீயே ரெண்டு முறையும் எறச்சிக்கிறியோன்னு..."

அப்போதுதான் அவள் கொல்லையைப் பார்த்தேன். என் கரும்பு போலவே சுருண்டு கிடந்தது.

"போனக் குடுடி."

அதே பச்சை இலை. "எங்கண்ணன் போட்டு வுட்டுச்சிக்கா, நல்லதுன்னு. அன்னிக்கே ஒனக்கும் போட்டேன்."

கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். இரண்டு போனிலும் அழித்தோம். கட்டுச்சோறு பிரித்து இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. இரண்டு போனும் சேர்ந்து கூவின. அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டாள். என் முறையில் பாதி நாளை அவளுக்கு விட்டுக் கொடுத்தேன்.

"தப்பா நெனச்சிட்டேன்க்கா. பூட்டெல்லாம் போட்டு... மன்னிச்சிக்க."

"வுடுடி, இதுல இன்னா இருக்குது" என்றேன், ரொம்பப் பெருந்தன்மையாக. கூடையைக் காலால் பின்னுக்குத் தள்ளினேன்.

என் பூட்டு இப்போது அரிசி டிரம்முக்குள். நாளை இவர் வருகிறார், வந்தால் அவரே அரிசி அள்ளி உலை வைப்பார். இடத்தை மாற்ற வேண்டும்.