நாற்பத்தொன்றாம் பக்கம்

கோர்படி, புனே
9.3.2025

பாசமுள்ள மகள் ஃபேபியோலாவுக்கு,

அப்பா ஜேசுராஜ் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நலம். ஹைதராபாத்தில் நீ சுகமாக இருக்க வேண்டுமென்று அம்மா தினமும் ஜெபமாலை சொல்கிறாள். தமிழ் படிக்க உனக்கு நேரமாகும் என்பதால் எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன். போனிலேயே பேசலாமே என்று அம்மா சொன்னாள். பதினான்கு மாதமாக அம்மா வழியாகவே நலம் விசாரித்துக்கொண்ட நாம் போனில் எந்த வார்த்தையில் தொடங்குவது? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் நல்ல செய்தி. என் நண்பன் சுப்பையா பில்டர் மேல் போட்ட வழக்கில் நுகர்வோர் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது. நம் பக்கம்தான்.

வக்கீல் ஷபானா மேடம் தீர்ப்பை எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து ஹிந்தியில் விளக்கிச் சொன்னார். நடந்ததை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார்கள். ஹடப்சரில் மாதிரி ஃபிளாட்டைப் பார்க்க சுப்பையாவும் அவன் மனைவி பவுனும் வந்த அன்று, பில்டர் கம்பெனியில் விற்பனை வேலையில் இருந்த நீ, பவுனின் சக்கர நாற்காலியை டேப் வைத்து அளந்தாய். "லிஃப்ட் கதவு மூணு அடி அத்தை, நாற்காலியோட நேரா உள்ள போயிடலாம்" என்று சொன்னாய். கம்பெனி உன் கையில் கொடுத்த கட்டிடப் படத்திலும் மூன்று அடிதான் போட்டிருந்தது. அதை நம்பித்தான் சுப்பையா நாலாவது மாடியில் வீடு வாங்கினான். கட்டி முடித்து லிஃப்ட் வந்தபோது கதவு இரண்டே அடி. நாற்காலியோ இரண்டு அடி ஒன்றரை அங்குலம்.

அந்த ஒன்றரை அங்குலத்தால் பவுன் என்ன பாடுபட்டாள் என்பதைத் தீர்ப்பில் இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். நான் கண்ணால் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் இரண்டு வாட்ச்மேன்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாலு மாடி தூக்கி இறக்குவார்கள். அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்வாள். பிறகு ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஆத்திரத்தில் உன்னை நான் சொன்ன வார்த்தை உனக்கு மறந்திருக்காது. "முப்பது வருஷப் பழக்கம். கமிஷனுக்காக அவங்களையே வித்துட்டியே" என்று கேட்டேன். அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டு ஹைதராபாத் போய்விட்டாய்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நவம்பரில் நீ சாட்சி சொல்ல வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் பஸ் பிடித்து வந்து, கடைசி பெஞ்சில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். 'ஞாபகமில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ என்று பழைய கம்பெனியிலிருந்து உனக்குப் போன் வந்ததை ஷபானா மேடம் சொல்லியிருந்தார். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று பார்க்கத்தான் வந்தேன். உண்மையை எழுதுகிறேன், எனக்கு நம்பிக்கை இல்லை.

நீ நிமிர்ந்து நின்று ஹிந்தியில், நான்தான் சொன்னேன், நாற்காலியை அளந்ததும் நான்தான் என்றாய். பில்டரின் வக்கீல் எழுந்தார். வயதான பெண்ணிடம் பொய் சொல்லி விற்றேன் என்று ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். நீ சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "சொன்ன அன்று அது பொய்யென்று எனக்குத் தெரியாது. லிஃப்டைச் சின்னதாக்கி அந்த இடத்தில் ஒரு கடை சேர்த்த புதுப் படம் பிறகு ஆபீஸுக்கு வந்தது. அதைப் பார்த்தும் எட்டு மாதம் அத்தையிடம் சொல்லாமல் இருந்தேன். அது தெரிந்தே செய்த தப்பு." இதுதான் நீ சொன்னது.

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டு, காரணம் எதுவாக இருந்தாலும் தப்பு தப்புதான் என்றாய்.

வீட்டுக்கு வந்து அந்த எட்டு மாதத்தை விரல் விட்டு எண்ணினேன். என் நெஞ்சு ஆபரேஷன் சரியாக அதன் நடுவில் வருகிறது. ஆஸ்பத்திரி ஃபாரத்தில் உன் கம்பெனி இன்ஷூரன்ஸ் நம்பரை நானே என் கையால் எழுதினேன், ஃபேபி. நீ வாயைத் திறந்திருந்தால் வேலையோடு அதுவும் போயிருக்கும். நீ அந்த ஹாலில் என் பெயரை எடுக்கவே இல்லை.

சாட்சி முடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நீ கிளம்பிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்தது இதுதான். பில்டரின் வக்கீல் ஒப்பந்தத்தைத் தூக்கிக் காட்டினார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில், லிஃப்டின் அளவை மாற்ற கம்பெனிக்கு உரிமை உண்டு என்று பொடி எழுத்தில் இருக்கிறதாம். சுப்பையா ஒன்றும் தெரியாதவர் அல்ல, இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த ஒரு நண்பர் முழுவதும் படித்து விளக்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார் என்றும் வாதாடினார்.

அந்த நண்பர் நான்தான். நாற்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். சுப்பையா வெடிமருந்து ஃபாக்டரியில் இருந்தவன், இங்கிலீஷ் வராது. கையெழுத்துப் போடும் முன் அந்த ஒப்பந்தக் காகிதங்களை என்னிடம் கொடுத்து, "நீரு பாத்துட்டுச் சொன்னா எனக்குப் போதும்வே" என்றான். நான் ஆறு பக்கம் படித்தேன். கண் எரிந்தது. நம் பிள்ளை வேலை செய்யும் கம்பெனிதானே என்று மூடி வைத்துவிட்டு, எல்லாம் பார்த்தாயிற்று, போடு என்றேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னைத் திட்டிய அன்றும் இது என் நெஞ்சுக்குள் இருந்தது.

நான் எழுந்தேன். நீ நின்ற அதே இடத்தில் போய் நின்று, அந்த நண்பர் நான், ஆறு பக்கம்தான் படித்தேன், நாற்பத்தொன்றாம் பக்கத்தை நானும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை, எங்கள் இரண்டு பேருக்கும் என் மகள் சொன்ன மூன்று அடிதான் தெரியும் என்றேன். கோர்ட்டுத் தலைவராக இருந்த பெண் நீதிபதி, எழுத்தில் கொடுங்கள் என்றார். மறுநாளே கொடுத்தேன்.

சுப்பையா வெளியே வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மாதம் பேசவும் இல்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

வாயால் சொன்னதையும் படத்தில் காட்டியதையும் நம்பி வாங்கியவரை, பொடி எழுத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். அதே கட்டிடத்தில் தரைத்தளத்தில் விற்காமல் இருந்த வீட்டை மாற்றிக் கொடுக்க உத்தரவு. அப்பீல் போவார்கள் என்று பயந்தோம். மற்ற மாடிக்காரர்களும் ஷபானா மேடத்தைத் தேடி வர ஆரம்பித்ததும் கம்பெனி சத்தமில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டது.

தீர்ப்பின் ஒன்பதாம் பக்கத்தில் உன் பெயர் இருக்கிறது. தனக்குக் கெட்ட பெயர் வரும் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்ன சாட்சி என்று எழுதியிருக்கிறார்கள். இந்த முறை எல்லாப் பக்கத்தையும் படித்தேன், அந்தப் பக்கத்தை மட்டும் பல தடவை. போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவர்களிடமெல்லாம் அதைக் காட்டினேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

முந்தாநாள் சுப்பையா கூப்பிட்டனுப்பினான். போனோம். கேட்டில் காய்கறி விற்கும் பாஜிவாலா வண்டி நின்றது. பவுன் தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கொத்தமல்லி வாடியிருக்கிறது என்று அவனோடு மராத்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் வெயில் அடித்தது. அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். சுப்பையா எனக்குச் சாயா கொடுத்துவிட்டு, "ஒம்ம மகளை ஒருக்க வரச்சொல்லும்வே. அவ மேல எனக்குக் கோவம் இல்ல. ஆறு பக்கம் படிச்ச ஒம்ம மேலதான் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

மகளே, கணக்கில்லாத பிள்ளைகளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் டைப் அடித்துக் கொடுத்தவன் நான். என் பிள்ளைக்கு அதைக் கோர்ட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. தெருவில் என் நடையே மாறிவிட்டது என்று அம்மா கேலி செய்கிறாள்.

ஈஸ்டருக்கு லீவு போட்டு வா. உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வாய் வரை வந்து நின்றுவிடும், என்னை உனக்குத் தெரியும். அப்படி நின்றுவிட்டால் கோபித்துக்கொள்ளாமல், என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு. ஆண்டவர் உன்னை எங்கே நிறுத்தினாலும் இதேபோல் தலைநிமிர்ந்து நிற்கச் செய்வாராக.

உன்னைப் பெற்றதில் பெருமைப்படும்
அப்பா
ம. ஜேசுராஜ்