எத்தனை தடவை என்று கேட்டார்கள்

ஆஸ்பத்திரி கிளினிக்கில் இன்று காலை ஒரு தாள் தந்தார்கள். பிரஷருக்கு மருந்தெடுக்கப் போனவளுக்கு எதற்கு இந்தப் பரீட்சை என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. இடப்பக்கம் கேள்விகள், வலப்பக்கம் கட்டங்கள். ஒருபோதும் இல்லை, அரிதாக, சிலவேளை, அடிக்கடி, எப்போதும். முதற்கேள்வி, காரணமில்லாமல் பயம் வருவதுண்டா என்பது. நான் கேள்வியை விட்டுவிட்டு அந்த ஐந்து சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். குருக்கள்மடத்தில் நாமிருவரும் போன பின்னேர வகுப்பில், கரும்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக இங்கிலீசில் நின்ற அதே ஐந்து சொற்கள். நீ கண்ணை மூடி நாலு மாதமாகிறது. உன்னிடம் வாய்விட்டுச் சொல்லாததை இன்றைக்காவது எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் முப்பது வயதுக்காரிகள் இரண்டு பேர் கொப்பியும் கையுமாக இங்கிலீசு படிக்கப் போனதைப் பார்த்து ஊரே சிரித்தது. என் மனிசன் சவூதியில் இருந்தார். அவருடைய முதலாளி அனுப்பும் கடிதங்களை வாசிக்கத்தான் நான் வந்தேன். நீ வந்ததற்குக் காரணம் வேறு. "ஆமிக்காரனுக்குத் தமிழ் தெரியா, எங்களுக்குச் சிங்களம் தெரியா. நடுவில ஒரு பாசையாவது வேணும்கா" என்றாய்.

அந்த ஐந்து சொற்களையும் வைத்து வசனம் எழுதச் சொன்ன அன்று, நான் 'ஓல்வேய்ஸ் ஐ ஆம் ஃபியர்' என்று எழுதினேன். மனதில் தமிழில்தானே ஓடியது, எப்போதும் எனக்குப் பயம் என்று. நீ எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். பிறகு என் பென்சிலைப் பிடுங்கி, 'ஆம்' வந்தால் ஓல்வேய்ஸ் அதற்குப் பின்னால், மற்ற வினைச்சொல் என்றால் அதற்கு முன்னால் என்று காட்டித் தந்தாய். ஃபியர் இல்லை, அஃப்ரெய்ட் என்றும் திருத்தினாய். 'ஐ ஆம் ஓல்வேய்ஸ் அஃப்ரெய்ட்.' பத்துத் தடவை எழுதினேன். அதைவிடச் சரியான வசனத்தை நான் இங்கிலீசில் எழுதியதில்லை.

உங்கள் வயல் வாவிக்கு அப்பால், படுவான்கரையில். இக்கரையில் ராணுவம், அக்கரையில் இயக்கம். மிதவையில் ஏறிப் போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லாருடைய பெயரும் துறையில் இருந்த ஆமிச் சென்றியில், அந்தக் காவலரணில், ஒரு கொப்பியில் பதியப்படும். உன் மனிசன் கிழமைக்கு மூன்று நாள் அக்கரைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகமாட்டார். அன்றைக்கு நான் கோயிலால் வந்து சமைக்க, நீங்கள் இரண்டு பேரும் வேலியைக் கடந்து என் வீட்டுக்குச் சாப்பிட வருவீர்கள். வாவி இறால் அவருடைய பங்கு. என் பிள்ளைகள் இரண்டும் அவருடைய முதுகை விட்டு இறங்காதுகள்.

அந்த மனிசனைத்தான் ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள். முந்திய ஞாயிறு படுவான்கரையில் ஆயுதக்காரர்களோடு அவரைக் கண்டதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த ஞாயிறும் அவர் என் வீட்டு விறாந்தையில் பாயில் படுத்துக் கிடந்தவர். எனக்கும் உனக்கும் தெரியும்.

முகாமுக்குக் கொடுக்க என் வீட்டு மேசையில் இருந்து இங்கிலீசில் கடிதம் எழுதினோம். அவர் அக்கரைக்கு 'நெவர்', ஒருபோதும் போனதில்லை என்று எழுதச் சொல்லி உன்னைக் கெஞ்சினேன். நீ பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "அவர்ர பேர் அந்தக் கொப்பியில எத்தின தரம் கிடக்கு? பயத்தில பொய் எழுதினா அதுவே ஆளக் கொண்டுபோயிரும். உண்மைய எழுதுவம், மறுகா பயப்பிடுவம்." பிறகு என்பதை நீ எப்போதும் மறுகா என்றுதான் சொல்வாய். வயலுக்கு அடிக்கடி போவார், ஒஃபன் என்று எழுதினாய். ஞாயிறுகளில் எப்போதும் பக்கத்து வீட்டில் சாப்பிடுவோம், ஓல்வேய்ஸ் என்று எழுதினாய். பக்கத்து வீடு என்றால் நான். ஆனாலும் துணைக்கு வா என்று நீ கேட்டபோது மறுக்க முடியவில்லை.

அந்த முகாம் எது என்று எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை. ஒரு மாமரத்தின் கீழ் நெடுநேரம் வெயில் ஏறும்வரை நிற்கவைத்தார்கள். அதிகாரி இளம் பெடியன், மரியாதையாகத்தான் கதைத்தான். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான். பிறகு உன்னை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். இந்த ஆள் உன் வீட்டுக்கு வருவானா என்று இங்கிலீசில் கேட்டான். எத்தனை தடவை என்றான்.

எனக்கு முன்னால் என் பிள்ளைகளின் முகம் வந்து நின்றது. ஓம் என்று சொன்னால் என்னையும் உள்ளே வைத்துவிடுவார்கள், தகப்பனும் கடலுக்கு அப்பால், அதுகளை யார் பார்ப்பது? கரும்பலகையில் இருந்த ஐந்து சொற்களில் ஒன்றைத் தேடி எடுத்தேன்.

"றெயர்லி, சேர்."

அரிதாக. சரியாகத்தான் உச்சரித்தேன். அவன் அதைக் கடிதத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டான். நீ பக்கத்தில்தான் நின்றாய். அந்தச் சொல்லை நீயும் என்னோடு படித்தவள். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. வரும்போது முழு வழியும் வாவியைப் பார்த்தபடி நடந்தாய்.

அவரைப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் நான் வேலிப்பக்கமே வரவில்லை. உங்கள் வீட்டில் அடுப்புப் புகை எழும்புகிறதா என்று மட்டும் ஜன்னலால் பார்ப்பேன். கடைசியில் துறைக் கொப்பியை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கிழமை நாட்களில் அடிக்கடி அவர் பெயர் இருந்தது. ஞாயிறுகளில் ஒருபோதும் இல்லை. நீ எழுதியதும் அதுவும் ஒத்துப்போனதால் விட்டார்கள். ஆனால் அவருடைய இடது காது அதற்குப் பிறகு கேட்கவில்லை. அது எத்தனையாம் நாளில் போனது என்று நீயும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் துணிவில்லை. என் ஒரு சொல் ஒழுங்காக வந்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பாரோ என்று எத்தனை வருடம் கணக்குப் பார்த்தேன் தெரியுமா.

அடுத்த ஞாயிறு நான் கோயிலுக்கும் போகவில்லை. மத்தியானம் படலை திறக்கும் சத்தம் கேட்டது. நீயும் அவரும். அவர் கையில் இறால் பை. நான் அழுதுகொண்டு ஏதோ சொல்லத் தொடங்க, நீ சோத்துக் கோப்பையை எடுத்து என் முன்னால் வைத்தாய்.

"சோத்தப் போடுகா. ஞாயித்துக்கிழமையில நாங்க எப்பவும் இங்கதானே."

அதற்குமேல் நீ அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கடைசியாக உன்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்த அன்றும் கதைக்கவில்லை. நீ என்னை ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்தக் கோபம் இப்போதும் உன்மேல் எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

இன்று அந்தத் தாளில் பயத்துக்கு நேரே 'அடிக்கடி' என்று அடையாளம் போட்டேன். மோட்டார் சைக்கிள் ஒன்று படலையடியில் நின்றாலே நெஞ்சு அடிக்கிறது. கடைசிக் கேள்வி, மனம்விட்டுப் பேச யாரிடமாவது போவதுண்டா என்பது. 'ஒருபோதும் இல்லை' என்று போடப் பேனை போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் உனக்கு இதை எழுதப்போகிறேன் என்று அப்போதே தெரிந்ததால் பேனையை எடுத்து அடுத்த கட்டத்தில் வைத்தேன்.

அரிதாக. ஆனால் இந்த முறை பொய் இல்லைகா.