யாரும் புள்ளி ஒட்டாத அட்டை

ஏப்ரல் 3

கொய்யாப் பாகு அடிப்பிடித்துவிட்டது. சுரண்டிக்கொண்டிருந்தபோது வாசலில் குரல்.

"நேலி! உள்ள இருக்கியா? வாசம் தெருமுனை வரைக்கும் வருது. தீய்ஞ்ச வாசம்தான், ஆனா வருது."

அன்செல்மோ. இன்று அவன் பல்கலைக்கழக வணிகக் கல்லூரியின் டீன். எனக்கோ, இரவுப் பிரிவு தொடங்கிய வருஷம் பக்கத்து ஆரம்பப் பள்ளியிலிருந்து என்னோடு பெஞ்சு தூக்கிவந்த அன்செல்மோ. பகலெல்லாம் வேலை பார்ப்பவர்கள் மாலை ஏழு மணிக்கு வந்து படிக்கட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் ஆளாளிடம் நடந்து வாங்கிய பிரிவு அது. அவன் விற்பனைப் பாடம் நடத்தினான், நான் அடக்கவிலைக் கணக்கு.

மாத்தே இலைத் தேநீர் போட்டேன். ஒரே சுரைக் குடுவை, ஒரே உறிஞ்சு குழல், ஆள் மாற்றி ஆள். போதும் என்றால் குடுவையைத் திருப்பித் தரும்போது "நன்றி" என்று சொல்லவேண்டும், பிறகு ஊற்றமாட்டார்கள். அன்செல்மோ என் வீட்டில் நன்றி சொன்னதே கிடையாது. பிளாஸ்க் காலியாகும்வரை உட்கார்ந்திருப்பான்.

விஷயம் இதுதான். அடுத்த ஐந்து வருஷத்துக்குக் கல்லூரி ஒரு தொலைநோக்குத் திட்டம் போடுகிறது. அதற்கான குழுவில் நான் இருக்கவேண்டுமாம்.

"நான் ஓய்வு வாங்கினவ. எனக்கு அங்க என்ன வேலை?"

"நான் கூப்பிட்டா இரவுப் பிரிவுக்காரங்க வர மாட்டாங்க. டீன்னாலே அவங்களுக்குச் சந்தேகம். நீ கூப்பிட்டா வருவாங்க. ஓய்வுல பாகுகூட உனக்கு ஒழுங்கா வரல, வா."

சரி என்றேன். பாத்திரம் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 17

குழுவின் முதல் கூட்டம். தலைநகரிலிருந்து கான்ஸ்டான்சா என்ற ஆலோசகர் வந்திருக்கிறாள். நல்ல பெண், வேகமாகப் பேசுகிறாள். கல்லூரியின் தொலைநோக்கை ஒரே வாக்கியத்தில் எழுதவேண்டும் என்றாள். "சிறந்து விளங்கும்" போடுவதா, "முன்னிற்கும்" போடுவதா என்று காலை முழுவதும் போயிற்று. நான் சாக்குப்போக்கு சொல்லி ஜன்னல் பக்கம் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசைக்கும் இலக்குக்கும் என்ன வித்தியாசம் என்று யாரோ கேட்டபோது மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "'எங்கயாவது நல்ல ஊருக்குப் போகணும்' — இது ஆசை. 'நாளைக்குக் காலை ஆறு மணி பஸ்ல எல்டொராடோ ஊருக்குப் போறேன்' — இது இலக்கு. அந்த பஸ்ல யார் ஏறுறாங்க, யாருக்கு இடமில்லன்னு முகத்துக்கு நேரா சொல்றது, அது திட்டம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்செல்மோ குறித்துக்கொண்டான். வகுப்பெடுத்து எத்தனை நாளாயிற்று! வீடு திரும்பும்போது நடை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

ஏப்ரல் 29

திட்டக் கூட்டத்துக்குக் கூப்பிட இரவுப் பிரிவுக்குப் போனேன். நான்காம் கூடம், அதே பச்சைப் பெஞ்சுகள். ராமோனா துவார்த்தேதான் அவர்களுக்காகப் பேசுகிறவள். விடிவதற்கு முன்பே பேருந்து நிலையத்தில் கூடையோடு நின்று சீப்பா ரொட்டி விற்கிறாள், இரவில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். இரண்டு பிள்ளைகள்.

"சனிக்கிழமை காலைல ஒன்பது மணிக்கா கூட்டம்? டீச்சர், எங்களுக்கெல்லாம் அப்பன் எழுதிவெச்ச பண்ணை இருக்குன்னு நெனச்சுட்டாங்களா?"

"ஒரு நாள்தானே ராமோனா."

"ஒரு நாள் யாவாரம் போனா போகட்டும். எங்கள எதுக்குக் கூப்பிடுறாங்க? இதுவரைக்கும் எங்களக் கேட்டு இங்க எது நடந்திருக்கு? கக்கூஸ் பூட்டக்கூட எங்களக் கேக்காமத்தான் போட்டாங்க."

பின்பெஞ்சில் சிரிப்பு. நான் விடவில்லை. கேட்காதபோது குறை சொல்கிறோம், கேட்கும்போது போகாமல் இருந்தால் குறை சொல்லும் உரிமையும் போய்விடும் என்றேன். என் வார்த்தையை நம்பி வாருங்கள் என்றேன்.

ராமோனா யோசித்தாள். "டீன் வார்த்தைக்கு இல்ல, உங்க வார்த்தைக்கு வர்றோம்."

மே 11

வந்தார்கள்! கடையைப் பூட்டிவிட்டு, ஆஸ்பத்திரி வேலையை மாற்றிக்கொண்டு, ஒருவர் டாக்சியை வெளியே நிறுத்திவிட்டு.

சுவர் முழுவதும் அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கு. ஆளுக்கு மூன்று சிவப்புப் புள்ளிகள் கொடுத்தார்கள், சட்டைப் பொத்தான் அளவு, பின்னால் பசை. எது முக்கியமோ அதன்மேல் ஒட்டவேண்டும். வெளிநாட்டோடு சேர்ந்து மேற்படிப்பு, புதிய கணினிகள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை, கடைசி பஸ் வரை நூலகம், இப்படி. ஓரத்தில் "இரவுப் பிரிவைத் தொடர்வது" என்றும் ஒரு அட்டை.

ராமோனா நேராக அதன்முன் போய் நின்றாள். அப்போது அன்செல்மோ என் காதருகே, "நேலி, பாவம், கையில இருக்கிறத வாங்கவே காசக் கொடுக்கப் போறாங்க. இரவுப் பிரிவு நம்ம வீட்டுச் சுவரு, அத யார் இடிக்கப் போறா? புதுசா ஏதாவது கேக்கச் சொல்லு" என்றான்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அவர்களிடம் போய் என் பாணியிலேயே சொன்னேன்: "கடைக்குப் போறப்ப வீட்டுல இருக்கிற உப்ப மறுபடி வாங்குவீங்களா? இல்லாதத வாங்குங்க."

ஒட்டப்போன விரலை ராமோனா எடுத்துக்கொண்டாள். எல்லோரும் பிள்ளைகள் அறைக்கும் நூலகத்துக்கும் ஒட்டினார்கள். இரவுப் பிரிவின் அட்டையில் ஒரு புள்ளிகூட இல்லை. அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவ்வளவு உறுதியாக நிற்கும் ஒன்றுக்கு யார் முட்டுக் கொடுப்பார்கள்!

மே 12

நன்றாகத் தூங்கினேன். உதவியாக இருந்தோம் என்ற தூக்கம்.

ஜூன் 20

திட்டத்தின் நகல் வந்தது. நல்ல தாள். முதல் பக்கத்தில் என் பஸ் உதாரணம், கீழே என் பெயர்.

நான்காம் இலக்கு: வளங்களை ஒருமுகப்படுத்துதல். அடுத்த மார்ச் முதல் இரவுப் பிரிவுக்குப் புதிய மாணவர் சேர்க்கை இல்லை. இப்போது படிப்பவர்கள் முடித்துக்கொள்ளலாம். கூடங்கள் மாலையில் கட்டண மேற்படிப்புக்கு. காரணம்: "பங்கேற்றோர் எவரும் இதற்கு முன்னுரிமை அளிக்கவில்லை."

மூன்று முறை படித்தேன். தட்டச்சுப் பிழையாக இருக்கும்.

ஜூன் 21

அன்செல்மோ போனை எடுக்கவில்லை.

ஜூன் 22

இன்றும்.

ஜூன் 24

நேரில் போனேன். அவன் அறையில் மாத்தே நடந்துகொண்டிருந்தது. எனக்கும் ஒரு குடுவை நீட்டினான், எதுவும் நடக்காததுபோல. வாங்கிக் குடித்தேன். ஏன் குடித்தேன்?

"அன்செல்மோ, பிழை ஏதாவது நடந்திருக்கா?"

"என்ன பிழை? நேலி, எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணினது. நீயும் அங்கதான் இருந்த. இரவுப் பிரிவுக்காரங்களே ஒத்தப் புள்ளி ஒட்டல. நான் என்ன பண்ண?"

"ஒட்ட வேணாம்னு நீதானே சொன்ன."

"நான் உன் காதுல ஒரு அபிப்பிராயம் சொன்னேன். அவங்ககிட்டச் சொன்னது நீ." குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "மேற்படிப்பு வந்தாத்தான் கல்லூரி நிக்கும். நீதானே சொன்ன, எல்லாருக்கும் பஸ்ல இடம் இருக்காதுன்னு?"

நான் அப்படிச் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்றேன். அது அப்போது வாயில் வரவில்லை, இப்போது வருகிறது.

ஜூன் 26

பேருந்து நிலையம். ராமோனாவின் கூடையில் வெள்ளைத் துணி. ஜூன் மாதக் குளிருக்குக் கையைத் துணிக்கடியில் வைத்திருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியாது ராமோனா. சத்தியமா."

"சரி." சூடான ஒன்றை எடுத்துத் தாளில் சுற்றினாள். "என் தங்கச்சி வர்ற வருஷம் சேர்றதா இருந்தா. முனிசிபாலிட்டில கூட்டுறா, சாயந்திரம்தான் அவளுக்கு நேரம். அவளுக்கு நான் என்ன சொல்ல? வீட்டுல உப்பு இருக்குன்னா?"

சில்லறையை எடுத்தேன்.

"இந்தாங்க மேடம்" என்று சீப்பாவை நீட்டினாள். பின்னால் நின்றவரிடம், "உங்களுக்கு எத்தனை?" என்று கேட்கத் தொடங்கினாள்.

மேடமாம். முன்பின் தெரியாத பயணியைக் கூப்பிடுவதுபோல. திட்டியிருக்கலாம்.

ஜூலை 9

தேசிய விடுமுறை. சோளமும் பூசணியும் இறைச்சியும் போட்டு லோக்ரோ கஞ்சி சமைத்தேன். தட்டில் போடாமலே மூடி வைத்தேன்.

ஏன்டா அன்செல்மோ, இப்படிப் பண்ணின? மூட வேணும்னா மூடுறேன்னு சொல்லியிருக்கலாமே. சண்ட போட்டிருப்பேன், தோத்திருப்பேன், அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து மாத்தே குடிச்சிருப்போம். என் வாயாலயே எதுக்குடா சொல்ல வெச்ச?

— அவன் நினைக்காமல் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றியதைச் சொல்லியிருக்கலாம். அப்படியும் இருக்கலாம் இல்லையா?

ஆகஸ்ட் 2

இல்லை.

கான்ஸ்டான்சாவைக் கல்லூரித் தாழ்வாரத்தில் பார்த்தேன். பெட்டியோடு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே நடந்துவரும் ஒன்றைப் புதிய இலக்குகளோடு ஏன் சுவரில் வைத்தாய் என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் சொன்னேன் மேடம். இருக்கிறத மத்ததோட போட்டிக்கு விடக்கூடாது, அது எங்க முதல் பாடம். டீன்தான் கேக்கல. கூட்டத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் அவரே அந்த அட்டைய எழுதிக் கொண்டுவந்தார். அது அங்க கண்டிப்பா இருக்கணும்னாரு." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "உங்களுக்குச் சொல்லலையா?"

அட்டையையும் எழுதியிருக்கிறார், அதில் யாரும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ள ஏப்ரலிலேயே ஆளையும் தேடி வந்திருக்கிறார். தீய்ந்த வாசத்தைப் பிடித்து.

ஆகஸ்ட் 15

கல்லூரி மன்றம் திட்டத்தை வாக்கெடுப்புக்கு எடுத்தது. ஆசிரியர், பட்டதாரி, மாணவர் என்று மூன்று தரப்பும் உட்காரும் மேசை. பழைய ஆசிரியை என்று எனக்குப் பேச இடம் கொடுத்தார்கள். பின்வரிசையில் ராமோனாவும் நாலைந்து பேரும்.

ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. டீன் என்னிடம் சொன்னது, நான் அவர்களிடம் சொன்னது, அட்டையை எழுதியது யார் — வரிசையாக.

டீன் பொறுமையாகக் கேட்டார். எழுந்து வந்து என் நாற்காலியின் முதுகில் கையை வைத்தார். "நேலிய நான் மதிக்கிற அளவுக்கு இங்க யாரும் மதிக்க மாட்டீங்க. ஆனா வயசு நம்ம யாரையும் விடுறதில்ல. எதை யார் சொன்னாங்கன்னு கொஞ்சம் கலங்குது, பாவம். அன்னைக்குப் பாகையும் அடுப்புல மறந்துட்டா." அன்பாகச் சிரித்தார். மேசையைச் சுற்றியும் அன்பாகச் சிரித்தார்கள்.

கான்ஸ்டான்சா சொன்னதைத் திரும்பச் சொல்ல வாய் திறந்தேன். இனி எதைச் சொன்னாலும் அது கலங்கிய கிழவியின் பேச்சு. உட்கார்ந்துவிட்டேன்.

திட்டம் நிறைவேறியது.

வெளியே வரும்போது படியில் ராமோனா நின்றிருந்தாள்.  நான் இறங்கும்வரை அங்கேயே நின்றாள்.

செப்டம்பர் 21

மாணவர் தினம். வருஷாவருஷம் யாராவது கூப்பிடுவார்கள்.

நவம்பர் 8

இரவுப் பிரிவுக்காரர்கள் கையெழுத்துச் சேகரிக்கிறார்கள். திட்டத்தை ஒவ்வொரு மார்ச்சிலும் சரிபார்க்கவேண்டும் என்று திட்டத்திலேயே இருக்கிறது, அந்தக் கூட்டம் இந்த முறை சாயங்காலம் நடக்கவேண்டும் என்று. நானும் போடட்டுமா என்று நிலையத்தில் கேட்டேன்.

"வேணாம். இது மாணவங்க கையெழுத்து" என்றாள் ராமோனா. பிறகு, "உங்க கண்ணாடி ஒரு பக்கம் வளைஞ்சிருக்கு, சரிபண்ணுங்க" என்றாள்.

மார்ச் 4

ஏழு மணிக்குக் கல்லூரிப் பக்கம் நடந்தேன். நான்காம் கூடத்தில் குளிரூட்டி ஓடுகிறது. சாய்வு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். பச்சைப் பெஞ்சுகள் மாடிப்படிக்குக் கீழே, ஒன்றின்மேல் ஒன்றாக.

மார்ச் 14

சரிபார்ப்புக் கூட்டம். இரவு எட்டு மணி. அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிவிட்டார்கள்.

போவதா வேண்டாமா என்று மாலை முழுவதும் உடை மாற்றினேன், கழற்றினேன். போனேன். சுவரில் மறுபடி அட்டைகள். இந்த முறை ஓரத்து அட்டையை எழுதியது ராமோனா: "இரவுப் பிரிவில் மீண்டும் சேர்க்கை." எழுத்து நீளநீளமாக, கோணலாக.

கூடம் நிரம்பி வழிந்தது. படித்து முடித்துப்போன பழையவர்களும் வந்திருந்தார்கள். சிலரின் பெயர் எனக்குத் தெரியும், சிலர் என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். முனிசிபாலிட்டிச் சீருடையோடு ஒரு பெண், ராமோனாவின் அதே மூக்கு.

வரிசையில் நின்ற ஒரு இரண்டாம் வருஷ மாணவனுக்கு மூன்று புள்ளியையும் ஒரே அட்டையில் ஒட்டலாமா என்று சந்தேகம். நான் வாயைத் திறந்தேன். ராமோனா முந்திக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க டீச்சர். இந்தத் தடவ உங்க பேச்ச யாரும் கேக்கப் போறதில்ல."

உட்கார்ந்தேன்.

புழுக்கத்துக்கு ஐஸ் தண்ணீர் ஊற்றிய மாத்தே சுற்றி வந்தது. டீனே ஊற்றிக்கொண்டு வந்தார், எல்லோரோடும் சிரித்தபடி. "இதப் பாத்துட்டு மன்றம் யோசிக்கும், அடுத்த வருஷத்துக்கு யோசிக்கும்" என்று சொல்லிக்கொண்டே. என்னிடம் வந்ததும், "நேலி, கோபம் தீர்ந்துச்சா?" என்று குடுவையை நீட்டினார். குடித்தேன். திருப்பிக் கொடுத்தேன்.

"நன்றி."

பிளாஸ்க் பாதிக்குமேல் இருந்தது. இன்னொரு முறை ஊற்றச் சாய்த்ததை அவர் நிமிர்த்தினார். பிறகு அடுத்தவரிடம் போனார்.

கடைசியில் ராமோனா வந்து என் பங்கு மூன்று புள்ளிகளைத் தந்தாள். எதில் ஒட்டவேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ராமோனா எழுதிய அட்டையருகே போனேன். எழுத்தே தெரியாத அளவு சிவப்பு. இடமே இல்லை.

மூன்றையும் அட்டைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன்.