கடைசிப் படகும் தங்கப் பெட்டியும்

2025 ஜூன் 3, செவ்வாய்

கால் வீக்கம். மீன்குழம்பு ஊற்றிய மோஹிங்கா நூடுல்ஸ் வாங்கக் கீழே இறங்கவில்லை, ஷப்னம்தான் வாங்கி வந்தாள். சாப்பிடும்போதும் மடியில் கம்ப்யூட்டர். லண்டன்காரர்களின் பழைய கருப்பு வெள்ளைப் படம் ஒன்றுக்கு, கீழே பர்மிய எழுத்தில் பேச்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். இங்கிலீஷை அவளே கேட்டு அவளே எழுதுகிறாள். நான் அஞ்சாவது வரை படித்தவள். எனக்கு வாய்த்த பேத்தியைப் பாருங்கள் என்று யாரிடம் போய்ச் சொல்ல? இங்கேயே எழுதிவைக்கிறேன்.

ஜூன் 5

எட்டிப் பார்த்தேன். நான் பார்த்த படம்!

"நீங்க சொன்ன கதைய வச்சுத்தான், நன்னி, தேடிப் புடிச்சேன்" என்கிறாள்.

கல்யாணமான புதிதில், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தன்லியினிலிருந்து படகில் இந்த ஊருக்கு வந்து பார்த்தோம். நாலு திருடர்கள். திருடிய தங்கத்தை மய்யத்துப் பெட்டிக்குள் வைத்துத் தெருவில் தூக்கிப் போவார்கள். எதிரே வருகிறவனெல்லாம் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே நடப்பான். கடைசியில் போலீஸ்காரனும் சேர்ந்துகொள்வான். பெட்டியைக் குழிக்குள் இறக்கும் கயிற்றையும் அவனே பிடிப்பான்.

அந்த இடத்தில் என் வீட்டுக்காரர், ஷப்னத்தின் நன்னா, என்னைக் கிளப்பிவிட்டார்கள். கடைசிப் படகைப் பிடிக்கணும். அப்போது பாலம் ஏது? முடிவைப் பார்க்காத ஏக்கத்தில் படகில் எனக்கு ஒரே அழுகை. அவங்களே முடிவைச் சொன்னாங்க: போலீஸ்காரன் தினம் வந்து கபுருக்கு மரியாதை செய்வானாம். திருடர்கள் தோண்ட வழியில்லாமல் அங்கேயே தோட்டக்காரர்களாகி, பூச்செடி வளர்த்து, கிழவர்களாகிவிட்டார்களாம். "தங்கம் இன்னமும் அங்கதான் கெடக்கு சைதா." இதைத்தான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன்.

"அதேதானே முடிவு?" என்றேன்.

"வாப்பா கடை மேல இருக்குற ஹால்ல போடுவேன், வந்து பாருங்க."

ஜூன் 8

என் மகன் உதுமான் தன் மகள் ஷப்னத்திடம் கறாராகப் பேசிவிட்டான். லத்தா தெருவில் அவன் கடைக்கு மேலே இருக்கிற ஹாலை, படம் காட்ட முதலில் ஒரு தரம்தான் தருவானாம்.

"நாக்காலி நெறஞ்சு, கடைசி வரைக்கும் ஒக்காந்தாங்கன்னா ஹால் ஒனக்கு. இல்லாட்டி சரக்கு மூட்டைய ஏத்திருவேன். சுட்டுத் தள்ளுற படம் பாக்குற புள்ளைங்க இதுக்கு ஒக்காருமா?"

"நீங்க மொதல்ல ஒக்காந்து பாருங்க வாப்பா."

"எனக்கு யாவாரம் இருக்கு."

பெற்றவன் பேச்சா இது?

ஜூன் 11

அஸர் தொழுதேன். நாற்காலிக்காகத் துஆ கேட்கலாமா தெரியவில்லை. கேட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று படம்.

நாற்காலி நிறைந்துவிட்டது, ஆனால் முன்வரிசைப் பையன்கள் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதுமான் வாசலிலேயே நின்றான், கூட்டம் எழுந்து போனதும் மூட்டையை ஏற்றத் தயாராக.

படத்தில் யாரும் கத்தவில்லை. ரத்தம் இல்லை. பூட்டை உடைத்து நுழைகிற திருடன் கால்மிதியில் பூட்ஸைத் துடைக்கிறான். அங்கே ஒருவன் சிரித்தான். பெட்டியின் பின்னால் கூட்டம் சேரச் சேர ஹாலே குலுங்கியது. யாருடைய மய்யத்துக்கும் நாலு எட்டு தோள் கொடுக்கிறவர்கள் நாம், சிரிக்காமல் எப்படி இருக்க முடியும்? எத்தனையோ வருஷத்துக்கு முந்தி எடுத்தது, எங்கள் தெருவில் நடக்கிற மாதிரி இருக்கிறது.

போலீஸ்காரன் கயிற்றைப் பிடித்தான். கரெண்ட் போய்விட்டது. பேட்டரியும் கைவிட்டது.

எழுந்துவிடுவார்கள், அவ்வளவுதான், பிள்ளையின் பாடு வீண்— ஒருவரும் எழவில்லை. இருட்டில் உட்கார்ந்து, திருடன் மாட்டுவானா மாட்டமாட்டானா என்று சண்டை.

ஷப்னம் என் காதருகே வந்தாள். "நன்னி, நன்னா சொன்ன முடிவச் சொல்லுங்க."

பர்மியில் சொன்னேன். போலீஸ்காரன், பூச்செடி, கிழவர்கள், எல்லாம். "தங்கம் இன்னமும் அங்கதான் கெடக்கு" என்றதும் கைதட்டினார்கள். முன்வரிசைப் பையன்களும்.

பிறகு கரெண்ட் வந்து நிஜ முடிவு ஓடியது. கயிறு அறுந்து பெட்டி திறந்துவிடுகிறது. நாலு பேரும் தொப்பியைக் கழற்றிப் போலீஸ்காரனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, தாங்களே போலீஸ் வண்டியில் ஏறுகிறார்கள். அதற்கும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு பர்மியப் பெண் வந்து, "அப்வா, உங்க முடிவுதான் நல்லா இருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அப்வா என்றால் அவர்கள் பாஷையில் பாட்டி.

வீட்டுக்கு வந்து பேத்தியைக் கேட்டேன். "முடிவு இதுதான்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும். ரெண்டையும் சேத்துப் பாக்க ஆசை. நன்னாவோடது ஜெயிச்சிருச்சு."

என் வீட்டுக்காரரும்தான் முடிவைப் பார்த்ததில்லை. ஆடுகிற படகில் நின்றுகொண்டு, பெண்டாட்டி அழுகிறாளே என்று கட்டிய கதை. லண்டன்காரன் யோசித்து எடுத்ததோடு அது போட்டி போடுகிறது.

ஜூன் 16

உதுமான் காலையிலேயே கடைக்குப் போய்விட்டான். மேலே ஹாலில் மூட்டை ஏறவில்லை.

ஜூலை 12, சனி

இரண்டாவது படம். வேறு திருடர்கள், அதே மரியாதை. உதுமான் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் பார்க்காத படம். திருடர்கள் வசமாக மாட்டும் நேரம் ஷப்னம் படத்தை நிறுத்தினாள். கரெண்ட் இருக்கிறது, அவளாக நிறுத்தினாள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முடிவச் சொல்லுங்கம்மா" என்றான் உதுமான். "கடைசிப் படகு போயிரப் போவுது."

எழுந்து நின்றேன்.